ஹால் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

பெயர் காஞ்சனா. வயது முப்பத்தெட்டு. கணவர் பெயர் சம்பத். சொந்த ஊர் நகரி. தற்போது வசிப்பது திருப்பதி, கொர்லகுண்டா. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறை விரிவுரையாளராக வேலை செய்கிறேன். எனக்குத் தெலுங்கு பேசவும் படிக்கவும் தெரியும். நடந்ததைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும் என்று நான் கேட்டுக்கொண்டதால், தமிழ் எழுதத் தெரிந்த தலைமைக் காவலர் பச்சையம்மாள் எழுத, பாகாலா ரயில்வே போலீஸ் உதவி ஆய்வாளர் சுதீர் அவர்கள் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

எனக்குத் திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. உதயா என்று ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என் கணவர் ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்தார். பெரும்பாலும் காட்பாடி, பாகாலா, திருப்பதி வழியில் சரக்கு ரயில் ஓட்டினார். நாலு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், பாகாலா தாண்டி ஒரு வளைவில் அவர் ஓட்டிய ரயிலின் முன்னால் ஒருவர் வந்து நின்றுவிட்டார். ஹாரன் அடித்தும் விலகவில்லை. சரக்கு ரயில் அந்தத் தூரத்தில் நிற்காது. விசாரணை நடந்து, என் கணவர் மீது எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் பிரேக்க புடிச்சுக்கினே இருந்தேன் காஞ்சனா" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு மருத்துவ விடுப்பில் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதை கூப்பிடு தூரம். ஹாரன் கேட்டால் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். சத்தம் ஓய்ந்தபின் உட்காருவார், ஆனால் மறுபடி சாப்பிட மாட்டார். மருத்துவரிடம் போனோம், மாத்திரை கொடுத்தார்கள். அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை, டூட்டிப் பெட்டி, கைவிளக்கு, கொடிகள் எல்லாவற்றையும் அலுவலகத்தில் ஒப்படைத்து, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் போய்விட்டார். அவருடைய செல்போனும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. நான் திருப்பதியில் புகார் கொடுத்தேன். நகரி, திருத்தணி, வேலூர் எல்லா இடத்திலும் தேடினோம். விடுமுறை நாட்களில் நானும் மகளும் காட்பாடி ஜங்ஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவோம். அவர் ரயில் பக்கம் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியாததால் அங்கே போனோம்.

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கேமரா இருக்கிறது. மகள் சிறியவளாக இருந்தபோது, நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால், வேலைக்கார அம்மாவிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க என் கணவர் வாங்கி மாட்டியது. அதன் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. பாஸ்வேர்டு அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் போன் மாற்றியபோது அந்தச் செயலியை மறுபடி ஏற்றவில்லை. மகள் வளர்ந்துவிட்டதால் அதைப் பார்க்கும் தேவை இல்லாமல் போயிற்று. கழற்றவும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் கல்லூரியில் நடத்தும் பாடத்தில் ஒரு செய்முறை உண்டு. ஒரு இணைய இணைப்பில் போகிற வருகிற தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, எல்லாம் கோப்பாகப் பிடித்துவைத்து, நிமிடத்துக்கு எத்தனை பைட் போயிற்று என்று கூட்டி, நேர வரிசையில் ஒரு கோடாக வரைய வேண்டும். எந்தக் கருவியிலிருந்து, எப்போது, எவ்வளவு போயிற்று என்பது கோட்டில் தெரியும். உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருப்பதால் என்ன போயிற்று என்பது தெரியாது. வருடாவருடம் ஒரே மாதிரிக் கோப்பைக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டதால், இந்த ஆண்டு ஆவணி மாதத்தில் என் வீட்டு இணைப்பையே ஒரு பழைய லேப்டாப்பில் பிடித்து, அந்தக் கோப்பை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

மாணவர்கள் கோடு வரைந்தார்கள். ஒரு மாணவி மட்டும் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இங்க டவுன்லோடு ஒண்ணுமே இல்ல. அப்லோடு மட்டும் மலை மாதிரி ஏறுது. அந்த டைம்ல வீட்ல யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள். பார்த்தேன். அது பகல் நேரம். நான் கல்லூரியில் இருந்தேன், மகள் பள்ளியில் இருந்தாள், வீடு பூட்டியிருந்தது. ஏதோ அப்டேட் என்று சொன்னேன். அப்டேட் என்றால் உள்ளே வர வேண்டும், வெளியே போகாது என்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

மாலையில் வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து, எந்தக் கருவி என்று பிரித்துப் பார்த்தேன். கேமராவிலிருந்து போயிருந்தது. அந்தக் கேமரா தானாகப் படம் அனுப்பாது. சும்மா இருக்கும்போது, 'இருக்கிறேன்' என்று சொல்வதைப் போல அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட் அனுப்பும். யாராவது செயலியைத் திறந்து பார்த்தால்தான் படம் வெளியே போகும், கோடு ஏறும். அவர்கள் மூடினால் கோடு இறங்கும். நடுவில் கேமரா கம்பெனியின் சர்வர் இருப்பதால், பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பது என் கோப்பில் வராது.

யாரோ அந்நியன் வீட்டைப் பார்க்கிறான் என்று முதலில் பயந்தேன். நாற்காலி போட்டு ஏறி, கேமராவின் பிளக்கில் கை வைத்தேன். அப்போதுதான் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டு இறங்கினேன். நாற்காலியை மேசையடியில் தள்ளிவிட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களையப் போனேன்.

அதன் பிறகு லேப்டாப்பை நிறுத்தாமல் ஓட விட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு வரைந்து வைத்தேன். காலையில் மகள் பள்ளி வேனுக்குக் கிளம்பும் நேரத்தில் கோடு ஏறும். மாலையில் அவள் பாடம் படிக்கும்போது ஏறும். நாங்கள் இல்லாத பகலிலும் சில நாள் ஏறி, சிறிது நேரம் நின்று, இறங்கும். காலி ஹாலைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒரு வார இறுதியில் நாங்கள் கல்யாணத்துக்காக நகரி போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது, அந்த இரண்டு நாளும் கோடு சின்னச் சின்ன மேடுகளாக இருந்தது. திறந்து, யாரும் இல்லை என்று மூடி, மறுபடி திறந்திருக்கிறார்.

ஐப்பசியில் மகளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. காற்று வரும் என்று ஹாலில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தேன். அன்று காலை ஏறிய கோடு இறங்கவே இல்லை. இரவு அவளுக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது, எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் இறங்கியது. அன்றைக்கு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லாமல் போயிற்று.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. கேமராவில் மைக் இருக்கிறது, பேசியிருக்கலாம். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால், பார்ப்பதையும் நிறுத்திவிடுவார் என்று பயந்து பேசவில்லை. மகளின் மேசையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, கேமராவுக்கு எதிரே போட்டேன். சமையலறையில் நின்றபடி சாப்பிடும் பழக்கத்தை விட்டு, ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தலை வாருவதையும் துணி மடிப்பதையும் ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அவருக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறப் புடவையை ஒரு மாலை வீட்டில் கட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு டிவி பார்த்தேன். இருட்டில் அந்தக் கேமரா கறுப்பு வெள்ளையாகத்தான் காட்டும் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

இப்படி இருக்கும்போது, கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலை, பாகாலாவுக்கு அருகே தண்டவாளத்தின் ஓரம் ஒரு ஆண் உடல் கிடைத்தது. காணாமல் போனவர்கள் பட்டியலைப் பார்த்து, ரயில்வே போலீஸார் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் என் கணவரின் அண்ணன் கோகுலகிருஷ்ணனுக்குச் சொன்னார்கள். அவர் வியாழக்கிழமை பிணவறைக்குப் போய், உயரத்தையும் முழங்காலில் இருந்த பழைய தையல் தழும்பையும் பார்த்து, தன் தம்பிதான் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது. நானும் போய்ப் பார்த்தேன். முகம் பார்க்கும் நிலையில் இல்லை. என் கணவருக்கும் முழங்காலில் தழும்பு உண்டு. அவர் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, அவர் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம் பொறுங்க மாமா" என்றேன். அவர் என் மைத்துனர் என்றாலும் எனக்குத் தகப்பன் மாதிரி. அவர் அழுதுகொண்டே, "இன்னும் எத்தினி வருசம் பொறுக்கறதும்மா. இப்பிடி உயிரோட கீறானா இல்லையான்னு தெரியாம கீறத விட, ஒரு முடிவு வந்துச்சேன்னு வச்சிக்க" என்றார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உடல் பிறகு வரும் என்று, ஹாலில் என் கணவரின் படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றினார்கள். மைத்துனர் மனைவி தாட்சாயணி என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். மகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

பிணவறைக்குப் போய் வந்ததிலிருந்து நான் கோப்பைத் திறக்கவில்லை. இறந்தவருக்குச் செவ்வாய்க்கிழமை மாலைக்கு முன்பே உயிர் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புதன்கிழமைக் கோட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மேடு இல்லாமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, கோப்பைத் திறக்காமல் இருந்தேன்.

அதன் பிறகு தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி எழுந்து, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தேன். புதன்கிழமை காலை மேடு இருந்தது. மாலையும் இருந்தது. வியாழக்கிழமையும் இருந்தது. அதன் பிறகு, அப்போது ஓடிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தேன். வெளியே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கோடு உச்சியில் இருந்தது, இறங்கவில்லை. தன் படத்துக்கு மாலை போட்டு எல்லோரும் அழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய், கேமராவுக்கு நேராக நின்றேன். அப்போது நான் சொன்னது இதுதான்: "இந்தாங்க. நீங்க பாத்துக்கினு கீறது எனக்கு ஆவணியிலேர்ந்து தெரியும். வீட்டுக்கு வாங்கன்னு நான் சொல்லல. இங்க எல்லாரும் நீங்க செத்துப் பூட்டீங்கன்னு அழுவறாங்க. உங்க பேரு சொல்லி யாரையோ எரிக்கப் போறாங்க. அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருக்கும். பாகாலா ரயில்வே போலீஸுக்கு உயிரோட கீறேன்னு ஒரு போன் போடுங்க. அது போதும்."

அழுகை நின்றுவிட்டது. எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். மைத்துனர் எழுந்து வந்து, "காஞ்சனா, உள்ள வாம்மா" என்று தோளைப் பிடித்தார். தாட்சாயணி மட்டும், "அவ சொல்றத கேளுங்க. படிச்சவ, ஒண்ணும் தெரியாம பேச மாட்டா" என்றார். மகள் மூலையிலிருந்து எழுந்து வந்து, கேமராவை அண்ணாந்து பார்த்தபடி என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அதன் பிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தபோது கோடு இறங்கியிருந்தது.

அன்று மாலையே செவ்வாய்க்கிழமையிலிருந்து உள்ள கோப்புகளையும், காய்ச்சல் நாளின் கோப்பையும், அவற்றின் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு, மைத்துனருடன் பாகாலா வந்து உதவி ஆய்வாளர் அவர்களைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "இதுல ஆளு மூஞ்சி தெரியுமா மேடம்?" என்றார். தெரியாது என்றேன். "பேரு?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப ஹேக்கர் யாராவதா கூட இருக்கலாம் கதா?" என்று தெலுங்கும் கலந்து கேட்டார். நான் காய்ச்சல் நாளின் வரைபடத்தை அவர் முன் வைத்து, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டு, ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். "ராத்திரி வரைக்குமா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றேன். உடலை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பிணவறைக்குப் போன் செய்தார். ஒப்பிட்டுப் பார்க்க என் மகளின் ரத்த மாதிரி எடுக்கவும், கேமரா கம்பெனிக்கு எழுதவும் ஏற்பாடு செய்தார்.

சனிக்கிழமை கோடு ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஏறவில்லை. 'இருக்கிறேன்' என்கிற சிறு பாக்கெட்டுகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. உறவினர்கள் படத்திலிருந்து மாலையை எடுத்து, மடித்து ஒரு பையில் வைத்துவிட்டு, ஊருக்குப் போனார்கள். மகள் என்னிடம், "நீ பேசாமயே இருந்திருக்கலாம்மா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஹாலில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல், அந்த இரண்டு நாளும் சமையலறையில் நின்று சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் வகுப்பில் இருந்தபோது உதவி ஆய்வாளர் போன் செய்து, "மேடம், உங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் வந்திருக்காரு" என்றார். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு பாகாலா போனேன். போலீஸ் அறை பிளாட்பாரத்தில் இருக்கிறது. என் கணவர் பிளாட்பாரத்துக்கு வரவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே, ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில், ரயில் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கான்ஸ்டபிளுடன் நின்றிருந்தார். இளைத்திருந்தார். தாடி நரைத்திருந்தது. மகள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குடிபாலா பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருப்பதாகவும், ஷெட்டில் மற்றவர்களுடன் தங்கியிருப்பதாகவும், யாரும் தன்னைக் கட்டாயப்படுத்தி வைத்திருக்கவில்லை என்றும் அவர் உதவி ஆய்வாளரிடம் சொன்னார். சனிக்கிழமை காலையே கிளம்பியவர், இரண்டு நாளாகப் பாகாலா பஸ் நிறுத்தம் வரை வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறார். நான் அவரிடம், "போன் பண்ணியிருந்தா போதுமே" என்றேன். அவர், "செத்தவன் பேசறேன்னு போன்ல சொன்னா யாரு நம்புவாங்க" என்றார். அதன் பிறகு, "எப்பவும் நான் பாக்கும்போது போன்ல சத்தம் வெக்க மாட்டேன், பக்கத்துல ஆளுங்க இருப்பாங்க. அன்னிக்கி நீ நேரா பாத்த. இத்தினி நாள்ல நீ கேமராவ ஒரு வாட்டி கூட நேரா பாத்ததில்ல. அத பாத்துட்டுதான் சத்தம் வெச்சேன்" என்றார். நான் அழுதேன். உதவி ஆய்வாளர் எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

ஆகவே, பாகாலாவுக்கு அருகே இறந்து கிடந்தவர் என் கணவர் சம்பத் அல்லர். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. என் கணவரின் பெயரை அந்த உடலிலிருந்து நீக்கி, இறந்தவருடைய அடையாளங்களைத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் காணாமல் போனதாக நான் கொடுத்த புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

என் கணவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. வரும்படி நான் வற்புறுத்தவும் இல்லை. திருப்பதியில் ஒரு மருத்துவரிடம் போனில் பேசி, மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் குடிபாலா போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறோம். போன வாரம் நாங்கள் கிளம்பும்போது அவரும் பஸ்ஸில் ஏறி, சித்தூர் வரை வந்தார். அங்கே எங்களைத் திருப்பதி பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்றார். "நீயும் வா நைனா" என்று மகள் கூப்பிட்டாள். "சந்திரகிரி தாண்டுனா பக்கத்துலயே தண்டவாளம் வருது பாப்பா" என்றார். மகள், "புத்தூர் வழியா சுத்திப் போற பஸ்ஸு ஒண்ணு கீது நைனா. ரொம்ப நேரம் ஆவும். ஆனா வீட்டுக்குப் போவும். நான் கண்டக்டர கேட்டுட்டேன்" என்றாள். அவர் அந்தப் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டார். மகள் கையை நீட்டிக் காட்டினாள். பஸ் திரும்பும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதைத் தலைமைக் காவலர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் செய்ததுமான உண்மை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னேன். சரியாக இருப்பதால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) காஞ்சனா
முன்னிலை: சுதீர், உதவி ஆய்வாளர்
எழுதியவர்: பச்சையம்மாள், தலைமைக் காவலர்